மூன்றாம் மாத மாட்சுப் பித்து: தைவான் நடைப்பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

"மூன்றாம் மாதம் வந்தால் மாட்சுப் பித்து" என்று தைவானின் ஹொக்கியன் பேச்சில் ஒரு சொலவடை உண்டு. சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதத்தில் கடல்தெய்வம் மாட்சுவுக்குப் பிறந்தநாள். அதையொட்டி மேற்குக் கரை முழுக்கப் பல்லக்குகள் தெருவில் இறங்கும். அவற்றில் பெரியவை இரண்டு. ஒன்று தைச்சுங் நகரின் டாஜியா பகுதியில் உள்ள ஜென்லான் கோயிலிலிருந்து கிளம்புவது. மற்றது மியாவ்லி மாவட்டத்துப் பைஷாத்துன் ஊரின் கோங்தியன் கோயிலிலிருந்து கிளம்புவது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பற்றியவை.

மாட்சு என்பது யார்?

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், புட்டியன் கரையோரத்து மெய்ஜோ தீவில் 960-இல் பிறந்த லின் மோநியாங் என்ற பெண் என்பது மரபு. பிறந்து ஒரு மாதம் வரை அழவே இல்லையாம். அதனால்தான் பெயரில் 'மோ', அதாவது வாய் திறக்காதவள். எல்லோருக்கும் தெரிந்தது தறிக் கதை. தறியில் உட்கார்ந்தபடியே தன்னை மறந்த நிலைக்குப் போய், புயலில் சிக்கிய தகப்பனையும் அண்ணன்மாரையும் உயிரால் சென்று இழுத்து வருகிறாள். மகளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தாய் பதறி உலுக்க, பிடி விட்டுப் போய் ஒருவர் கடலோடு போய்விடுகிறார். போனது அப்பாவா அண்ணனா என்பது ஊருக்கு ஊர் மாறும். 987-இல், ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், மலையேறி விண்ணுக்குப் போனாள் என்பார்கள்.

அரசர்கள் பட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1123-இல் கொரியாவுக்குப் போன சொங் அரசின் தூதுக்குழு புயலில் தப்பியதும் கோயிலுக்கு அரசப் பலகை வந்தது. யுவான் அரசு 1281-இல் 'தியன்ஃபெய்', அதாவது விண்ணகத் துணையரசி என்றது. சிங் காலத்தில் 'தியன்ஹோவ்', அதாவது விண்ணகப் பேரரசி ஆனாள். மாலுமிகள் இந்தப் பட்டம் எதையும் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ஆபத்தில் 'மாட்சு' என்று கத்தினால் தலையை முடியாமல்கூட ஓடி வந்துவிடுவாள். 'தியன்ஃபெய்' என்றால் பட்டும் கிரீடமும் அணிந்துதானே வரவேண்டும், அதற்குள் கப்பல் மூழ்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

தாவோ தெய்வமா, பௌத்த தெய்வமா?

முதலில் ஊர்த்தெய்வம். பிறகு தாவோ மரபு சுவீகரித்துக்கொண்டது. மிங் காலத் தாவோ நூல்தொகையில் தியன்ஃபெய் பெயரிலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது. சடங்குகளை நடத்துகிறவர்களும் தாவோ பூசாரிகள்தான். ஆனால் அவளைக் குவான்யின் போதிசத்துவரின் வடிவம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான மாட்சு கோயில்களில் பின்மண்டபத்தில் குவான்யின் இருப்பார். கும்பிட வருகிறவர்கள் இந்தப் பாகுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

சிலையின் முகம் ஏன் ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் பொன்?

இளஞ்சிவப்பு, மனிதப் பெண்ணாக வாழ்ந்த முகம். பொன், தெய்வமான முகம். கறுப்பு பெரும்பாலும் நூற்றாண்டுக் கணக்கில் ஊதுபத்திப் புகை ஏறியது. பிறகு அதுவே ஒரு வடிவமாகிவிட்டதால், புதிதாகச் செய்யும்போதே கறுப்பு பூசுவதும் உண்டு.

திருவிழா என்றைக்கு?

பிறந்தநாள் மூன்றாம் மாதம் 23. ஆங்கில நாட்காட்டியில் இது 2024-இல் மே 1, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் மே 9. ஆனால் அந்த நாளைப் பார்த்து விமானச்சீட்டு எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். நடைப்பயணங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். கிளம்பும் நாள் ஆண்டுதோறும் மாறும், அதை நாட்காட்டி சொல்லாது.

அப்படியானால் நாள் குறிப்பது யார்?

மாட்சுவேதான். டாஜியாவில், முதல் மாதம் 15-ஆம் நாள், விளக்குத் திருநாள் மாலையில் கோயில் தலைவர் சன்னதி முன் மண்டியிட்டு 'புவே' போட்டுக் கேட்பார். அன்றிரவே செய்தி நாடெங்கும் போய்விடும். பைஷாத்துனிலும் புவேதான். அங்கே கிளம்பும் நாள், சேருமிடமான பெய்காங் ஊரை அடையும் நாள், திரும்பும் நாள் எல்லாமே கேட்கப்படுவதால் பயணம் எத்தனை நாள் என்பதே ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும்.

புவே என்பது பிறை வடிவில் செதுக்கிய இரண்டு மர அல்லது மூங்கில் துண்டுகள். ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். இரண்டையும் சேர்த்துக் குவித்த கையில் பிடித்து, பெயர், முகவரி, பிறந்த நாள் சொல்லி, கேள்வியைச் சொல்லி, நெஞ்சுயரத்திலிருந்து விட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று உப்பலாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே என்றால் சிரிக்கிறாள்: கேள்வி தெளிவில்லை, திருத்திக் கேள். இரண்டும் உப்பல் மேலே என்றால் மறுப்பு. பெரிய விஷயங்களுக்குத் தொடர்ந்து மூன்று சம்மதம் வேண்டும். சாதாரண நாணயக் கணக்கில் பார்த்தால் எட்டில் ஒரு வாய்ப்பு.

புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. "போகலாமா, வேண்டாமா?" என்று இரட்டைக் கேள்வி கேட்பது ஒன்று. ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய ஒற்றைக் கேள்வியாகத்தான் கேட்க வேண்டும். மறுப்பு விழுந்ததும் அதே கேள்வியை விடாமல் திரும்பத் திரும்பக் கேட்பது இன்னொன்று. அது கேட்பதில் சேராது, பேரம்.

டாஜியாவா, பைஷாத்துனா? முதல்முறை போகிறவருக்கு எது?

முதல்முறை என்றால் டாஜியா. ஒன்பது நாள், எட்டு இரவு, போகவர சுமார் 340 கிலோமீட்டர். பாதை முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும், தங்கும் கோயில்களும் தெரியும். ஒருநாள் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பவும் திட்டமிடலாம்.

பைஷாத்துன் சுமார் 400 கிலோமீட்டர். பாதை கிடையாது. அடுத்த சந்தியில் இடமா வலமா என்பது சுமப்பவர்களுக்கே தெரியாது. ஓய்வு எங்கே, எத்தனை மணி நேரம் என்பதும் அப்படித்தான். நள்ளிரவில் படுத்து இரண்டு மணி நேரத்தில் எழ வேண்டிவரும். கூட்டமும் எகிறிவிட்டது: பெயர் பதிந்தவர்கள் 2024-இல் 1.7 லட்சத்துக்கு மேல், 2025-இல் 3 லட்சத்துக்கு மேல். பதியாமல் வருகிறவர்கள் தனி. டாஜியாவில் இரண்டு நாளாவது நடந்து பார்த்துவிட்டு இதற்கு வருவது உடம்புக்கு நல்லது.

டாஜியா பாதை எப்படிப் போகிறது?

இரவு பத்து, பதினொரு மணி வாக்கில் ஜென்லான் கோயிலை விட்டுப் பல்லக்கு நகரும். மறுநாள் முழுக்க நடந்து சாங்ஹுவாவின் நான்யாவ் கோயிலில் முதல் தங்கல். அடுத்த தங்கல் சீலுவோவின் ஃபூசிங் கோயில். மூன்றாம் தங்கல் ஜியாயி மாவட்டத்துச் சின்காங்கின் ஃபெங்தியன் கோயில். இங்கே ஒரு நாள் நின்று, நான்காம் நாள் காலை பிறந்தநாள் பெருஞ்சடங்கை முன்கூட்டியே நடத்திவிடுவார்கள். சதுக்கம் நிறைய மக்கள் கொடியோடு மண்டியிடும் காட்சி அதுதான். திரும்பும்போது சீலுவோ, பெய்தோவின் தியன்ஆன் கோயில், சாங்ஹுவாவின் தியன்ஹோவ் கோயில், சிங்ஷுயியின் சாவ்சிங் கோயில், பிறகு டாஜியா.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கடைசி நாள், சிங்ஷுயியிலிருந்து டாஜியா வரை. இரண்டு ஊரும் கடலோர ரயில்பாதையில் இருக்கின்றன. தூரமும் குறைவு, ஊரே வாசலில் நிற்கும். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் சீலுவோ பாலத்துக்குப் போவார்கள். 1953-இல் திறந்த, கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளச் சிவப்பு இரும்புப் பாலம், கீழே ஜுவோஷுயி ஆறு. அங்கே நிழலே கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாஜியா மாட்சு பெய்காங்குக்குப் போவாள் என்று பழைய புத்தகங்களில் இருக்கிறதே?

1987 வரை அப்படித்தான். யுன்லின் மாவட்டத்துப் பெய்காங் சாவ்தியன் கோயிலுக்கே போய்வந்தார்கள். அந்தப் பயணத்தைத் 'தாய்வீட்டுக்குப் போவது' என்று வெளியில் சொல்லிவந்தார்கள், அதாவது டாஜியா பெய்காங்கிலிருந்து பிரிந்த கிளை என்ற அர்த்தத்தில். 1987-இல், விண்ணேகிய ஆயிரமாவது ஆண்டுக்கு, ஜென்லான் கோயில்காரர்கள் நேரடியாக மெய்ஜோவுக்கே போய் வந்தார்கள். மூலக் கோயிலோடு நேரடி உறவு வந்த பிறகு கிளை என்ற பேச்சு அவர்களுக்கு ஒப்பவில்லை. 1988 முதல் சேருமிடம் சின்காங். பைஷாத்துன் மாட்சு இன்றைக்கும் பெய்காங்குக்குத்தான் போகிறாள்.

பைஷாத்துன் பல்லக்கு தானாகவே வழி எடுக்கும் என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி?

டாஜியா பல்லக்கு பெரியது, எட்டுப் பேர் சுமப்பது. பைஷாத்துனுடையது சிறியது, நான்கே பேர். உள்ளே பைஷாத்துன் மாட்சுவோடு பக்கத்து ஹோவ்லோங்கிலிருந்து வரும் ஷான்பியன் மாட்சுவும் உட்கார்ந்திருப்பாள். கனம் குறைவு என்பதால் சட்டென்று திரும்பும், சட்டென்று ஓடும். மழைக்கு மேலே போடும் உறை இளஞ்சிவப்பு. அதனால் இளைஞர்கள் வைத்த செல்லப்பெயர் 'இளஞ்சிவப்புப் பந்தயக் கார்'.

சந்தி வந்தால் பல்லக்கு தயங்கும், ஊசலாடும், சில சமயம் முன்னும் பின்னும் போய் வரும், பிறகு ஒரு பக்கமாகப் பாயும். சுமப்பவர்கள் தண்டில் இழுப்பு தெரிவதாகச் சொல்வார்கள். நான்கு தோள்களின் சிறு அசைவுகள் ஒன்றுசேர்ந்து பெரிதாவது என்று விளக்குகிறவர்களும் உண்டு. எதுவானாலும் முன்திட்டம் இல்லை என்பது உண்மை. போலீஸ்காரர்கள் அந்தந்த நிமிடத்தில்தான் போக்குவரத்தைத் திருப்புகிறார்கள். மருத்துவமனை வாசல், பள்ளிக்கூடம், பெயரில்லாத ஒரு சந்துவீடு என்று நின்றுவிடும். நின்ற வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே மண்டியிடுவதை அடிக்கடி பார்க்கலாம். சில ஆண்டுகளில் பாலத்தை விட்டுவிட்டு ஜுவோஷுயி ஆற்றுக்குள் இறங்கியே கடந்திருக்கிறது.

இதனால் உங்களுக்கு என்ன? பல்லக்குக்கு ஒட்டி நடக்கப் பார்க்காதீர்கள். அது ஓடும்போது பின்னால் வருகிறவர்களும் ஓடுவார்கள். விழுந்தால் எழ இடம் இருக்காது. இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளி, சாலையின் ஓரமாக வாருங்கள்.

ஊர்வலத்தில் முன்னால் வருவது யார் யார்?

எல்லோருக்கும் முன்னே, தன்னந்தனியாக ஒருவர் மணியடித்துக்கொண்டு வருவார். பெயர் 'பவ்மாட்சாய்', கட்டியக்காரர். அவர் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றும்: கண்ணாடிச்சில் இல்லாத மூக்குக்கண்ணாடி, ஆட்டுத்தாடி போன்ற மீசை, ஒரு கால்சட்டையை மட்டும் சுருட்டிவிட்ட கால், அதில் ஒரு புண், தோளில் குடை, அதில் தொங்கும் பன்றிக்கால், வெங்காயத்தாள் போன்ற கீரை. எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டு. பன்றிக்கால் என்ற சொல்லின் ஒலி 'போதுமென்ற மனம்' என்பதோடு ஒத்துப்போகும். கீரையின் பெயர் 'நீண்டகாலம்' என்ற சொல்லின் ஒலி. புண், அடுத்தவர் குறையைக் கிளறாதே என்பதற்கு. அவரிடமிருந்து சிவப்பு நூல் கிடைத்தால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்கள் அதற்காகவே வழிமறிப்பார்கள்.

அவருக்குப் பின் தலைக்கொடி, விளக்குகள், மேளம், பூத்தையல் கொடிப் படை, மைத்ரேயர் பொம்மைகள், இளவரசத் தெய்வப் பொம்மைகள், நீண்ட எக்காளங்கள். பல்லக்குக்குச் சற்று முன்னால் அவளுடைய இரண்டு காவலர்கள்: ஆயிரம் காதம் பார்க்கும் கண்ணன், காற்றில் வரும் ஒலி கேட்கும் காதன். ஆள் உள்ளே புகுந்து தோளில் சுமக்கும் ராட்சதப் பொம்மைகள் இவை. கைகள் வீசி ஆடும், அடி படாமல் விலகி நில்லுங்கள். பல்லக்குக்குக் குறுக்கே ஓடிக் கடப்பதும், மேம்பாலத்திலிருந்து குனிந்து படம் எடுப்பதும் மரியாதைக் குறைவு.

யாத்திரைக் கொடியை எப்படிக் கையாள வேண்டும்?

முக்கோணத் துணிக்கொடி, கோயிலிலேயே விலைக்குக் கிடைக்கும். உங்கள் பெயரும் முகவரியும் எழுதுங்கள். சன்னதியில் நின்று நான் இன்னார், இன்ன ஊர், இத்தனை நாள் நடக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஊதுபத்திக் கலசப் புகைமேல் வலச்சுற்றாக மூன்று முறை சுற்றிக் கொடியைக் காட்ட வேண்டும். அதோடு கொடிக்கு உயிர் வந்துவிட்டது.

வழியில் போகும் ஒவ்வொரு கோயிலிலும் மஞ்சள் அல்லது சிவப்புத் தாளில் அச்சிட்ட சீட்டு தருவார்கள். அதைக் கொடிக்கம்பில் கட்டிப் புகையில் சுற்றுங்கள். டாஜியா வழியில் கோயில்கள் நூறை ஒட்டி இருப்பதால் நான்காம் நாளுக்குள் கம்பு புதர்போல ஆகிவிடும். இறுக்கிக் கட்டாவிட்டால் காற்றில் பாதி போய்விடும். ஒவ்வொன்றையும் இரட்டை முடிச்சாகப் போடுங்கள், மழைக்குப் பிளாஸ்டிக் உறை வைத்திருங்கள்.

கொடி தரையில் சாயக்கூடாது, தலைகீழாகப் பிடிக்கக்கூடாது, கழிப்பறைக்குள் போகக்கூடாது. தனியாக வந்தவருக்கு இந்த மூன்றாவதுதான் திண்டாட்டம். கழிப்பறை வாசலில் நிற்கும் யாரிடமாவது நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், இங்கே அது சகஜம்.

பல்லக்குக்கு அடியில் படுப்பது எப்படி?

சாலை நடுவே வரிசையாகக் குப்புறப் படுத்தோ மண்டியிட்டுக் குனிந்தோ இருக்க, பல்லக்கு தலைக்குமேல் தாண்டிப் போகும். தொண்டர்கள் கையசைத்து வரிசை அமைப்பார்கள். எந்தப் பக்கம் தலை என்பதையும் அவர்களே சொல்வார்கள். முதுகுப்பை, தொப்பி, கொடி எல்லாவற்றையும் முதலில் ஓரமாக வையுங்கள். முதுகுப்பையோடு படுப்பவரால்தான் சுமப்பவர்களின் கால் தட்டும். முழங்கையை உடம்போடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி, கடைசி ஆள் தாண்டும் வரை அசையாதீர்கள். ஒரு கையால் காணொளி எடுக்கும் ஆசை வேண்டாம்.

கர்ப்பிணிகள், மாதவிலக்கில் இருப்பவர்கள், சாவுத்தீட்டு உள்ளவர்கள் படுப்பதில்லை என்பது பழைய வழக்கம். இன்று எவ்வளவு கறார் என்பது கோயிலைப் பொறுத்தது. நோயாளி வர முடியாவிட்டால் அவர் சட்டையைக் கொண்டுவந்து அடியில் வைக்கிறார்கள்.

சாப்பாடும் தூக்கமும்?

பணம் செலவழிக்க வழியில்லை என்பதுதான் பிரச்சினை. சாலை நெடுகப் பந்தல் போட்டு வழிமறித்துக் கொடுப்பார்கள்: அரிசி நூடுல்ஸ், பாசிப்பயறுக் கஞ்சி, தர்ப்பூசணி, தேநீர், தலைவலி மாத்திரை, கால்பிடித்து விடுதல் உட்பட. சொந்தமாக ஒரு கிண்ணம், ஒரு ஜோடி குச்சி, தண்ணீர்ப் புட்டி எடுத்துப் போங்கள், குப்பை குறையும். தேவைக்குமேல் வாங்கிப் பாதியில் எறிவது மிக மோசமாகப் பார்க்கப்படும்.

நடப்பவர்களில் பலர் சின்காங்கில் பிறந்தநாள் சடங்கு முடியும் வரை சைவம். ஆனால் பந்தல் எல்லாமே சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் பன்றியெலும்புச் சாறு இருக்கலாம். 'சூ' என்று கேட்டால் சைவமா என்று புரிந்துகொள்வார்கள். தைவானின் கண்டிப்பான சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது.

தூங்க: கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், கடைத்தாழ்வாரம், சில கோயில்களின் யாத்ரீகர் விடுதி. விடுதி அறைகள் குழுக்களுக்கு முன்பதிவாகிவிடும். தரையில் விரிக்க மெல்லிய பாய், காதடைப்பான், கண்மூடி, இந்த மூன்றும் இருந்தால் எங்கேயும் தூங்கலாம்.

காலைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

பாதியில் திரும்புகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புவது கொப்புளம். தார்ச்சாலை, இரவு ஈரம், வியர்வை, நாளுக்கு நாற்பது கிலோமீட்டர்.

காலணி வழக்கத்தைவிட அரை அளவு பெரியது, குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால்தான் இந்த அரை அளவு. பருத்திக் காலுறை வேண்டாம், ஈரத்தை விடாது. விரல்விரலாகப் பிரிந்த செயற்கையிழைக் காலுறை மூன்று ஜோடி எடுங்கள். கிளம்பும் முன் விரலிடுக்கு, குதிகால், பாதப் பந்து மூன்றிலும் வாஸ்லின் தடவுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காலணியைக் கழற்றி, துடைத்து, காலுறை மாற்றி, மறுபடி தடவுங்கள். ஓரிடத்தில் சூடாக எரிகிற உணர்வு வந்ததுமே நின்று ஒட்டுப்பட்டை போடுங்கள். அடுத்த கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே போகும்போது கொப்புளம் ஆகியிருக்கும்.

வந்துவிட்டால்: சோப்புநீரில் கழுவி, ஆல்கஹாலில் துடைத்த ஊசியால் ஓரத்தில் இரண்டு துளை போட்டு நீரை அழுத்தி எடுங்கள். மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதுதான் கட்டு. கிருமிநாசினி தடவி, ஒட்டாத துணிக்கட்டு வைத்து ஒட்டுங்கள். சிவந்து சூடேறினால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவப் பந்தலுக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசியே எடுக்காமல் நேரே அங்கே போவது நல்லது.

பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒன்றுக்குள். பயிற்சிக்கு இரண்டு மாதம்: வாரக்கடைசியில் சனி 20, ஞாயிறு 20 கிலோமீட்டர் அடுத்தடுத்து. ஒரே நாளில் 30 நடந்து பார்ப்பதைவிட, வலிக்கும் காலோடு மறுநாள் எழுந்து நடப்பதுதான் உண்மையான ஒத்திகை.

வேறு என்னென்ன கெட்டுப்போகலாம்?

வெடி. வரவேற்புக்குச் சரவெடி மலைமலையாகக் கொளுத்துவார்கள். காதடைப்பான், முகமூடி, சாதாரணக் கண்ணாடி மூன்றும் வேண்டும். மேலே நைலான் சட்டை போட்டால் பொறி பட்டு உருகி ஒட்டும். உடம்புக்குப் பருத்தி, காலுக்குத்தான் வேண்டாம். இப்போது கோயில்களே வெடியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கின்றன. தெய்வத்துக்குக் காணிக்கையாகத் தங்கத்தாள் எரிப்பதற்குப் பதில் அரிசி தானம் என்பதும் பரவுகிறது.

சாங்ஹுவா. பல்லக்கைத் தங்கள் பக்கம் இழுத்து அதிக நேரம் வைத்துக்கொள்ள அங்கே குழுக்களுக்குள் தள்ளுமுள்ளு நடப்பது வழக்கம். போலீஸ் வளையம் போட்டும் மணிக்கணக்கில் தாமதமாகும். குழந்தையோடு இருந்தால் நகருக்குள் பல்லக்கைத் தொடராமல் முன்னதாகவே தங்கல் கோயிலுக்குப் போய்விடுங்கள்.

கைபேசி. கூட்டத்தில் இணையம் படுத்துவிடும். பாதைப் படத்தை முன்பே சேமித்து வையுங்கள்.

மழை. மூன்றாம் மாதம் 15-ஆம் நாள் மருத்துவத் தெய்வம் பாவ்ஷெங் தாதியின் பிறந்தநாள். அவருக்கும் மாட்சுவுக்கும் ஆகாது என்று ஒரு வேடிக்கைக் கதை. அவர் நாளில் இவள் காற்றடித்துத் தொப்பியைப் பறக்கவிடுவாள், இவள் நாளில் அவர் மழை பெய்வித்து முகப்பூச்சைக் கலைப்பார். பருவமும் அப்படித்தான், குடைக்குப் பதில் தொளதொள மழையங்கி எடுங்கள். கூட்டத்தில் குடை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் குத்தும்.

நடக்கவில்லை, கோயிலில் கும்பிட்டால் போதும் என்றால்?

கோயிலைப் பார்த்து நின்றால் உங்கள் வலப்பக்க வாசலில் நுழைந்து இடப்பக்க வாசலில் வெளியேறுங்கள். நடுவாசல் தெய்வத்துக்கு. நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். பழம் ஒற்றைப்படையில், மூன்று அல்லது ஐந்து. கொய்யாவும் தக்காளியும் வைக்கமாட்டார்கள், விதை வயிற்றில் செரிக்காமல் வெளியே வந்து முளைப்பதால் அவை அசுத்தமாம். பிறந்தநாளுக்கு ஆமை வடிவச் சிவப்புப் பணியாரம், பீச் பழ வடிவ மாவுருண்டை, நீளமான நூடுல்ஸ்.

இன்றைய கொண்டாட்டத்தில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது?

பல்லக்கில் ஜிபிஎஸ். செயலியில் புள்ளி நகர்வதைப் பார்த்து வீட்டிலிருந்தே கும்பிடுகிறார்கள், நேரலையும் ஓடிக்கொண்டே இருக்கும். இளவரசத் தெய்வப் பொம்மைகள் மின்னிசைக்கு ஆடுவது இன்னொன்று. 2009-இல் காவ்சியுங் உலக விளையாட்டுத் தொடக்கவிழாவில் ஆடியது முதல் வெளிநாட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. கிளம்பும் இரவில் அரசியல்வாதிகள் பல்லக்குக்குத் தோள்கொடுக்க வரிசை கட்டுவார்கள். தேர்தல் நெருங்கினால் வரிசை இன்னும் நீளம். 2020-இல் கொரோனாவால் டாஜியா பயணம் ஜூனுக்குத் தள்ளிப்போனது.

யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது டாஜியா ஊர்வலம்தானா?

இல்லை. 2009-இல் சேர்ந்தது 'மாட்சு நம்பிக்கையும் வழக்கங்களும்', சீனா முன்மொழிந்தது, மெய்ஜோவை மையமாகக் கொண்டது. பயண நிறுவனங்களின் விளம்பரங்களில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

தைவானுக்கு வெளியே? தமிழரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஹாங்காங்கில் இதே நாள் 'தின் ஹாவ்' விழா. படகுகள் கிளியர்வாட்டர் வளைகுடாப் பக்கத்துப் பெரிய கோயிலுக்குப் போகும், அந்தக் கோயில் 1266-இலிருந்து இருக்கிறது. மக்காவ் என்ற பெயரே ஆ-மா கோயிலிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கோலாலம்பூரில் ஹைனான் மக்கள் கட்டிய தியன் ஹோவ் கோயில் இருக்கிறது.

சிங்கப்பூர்தான் நமக்கு நெருக்கம். தெலுக் ஆயர் தெரு அன்று கடற்கரை. கப்பலிறங்கிய ஹொக்கியன்காரர்கள் நன்றிசொல்லிக் கட்டிய தியன் ஹோக் கெங் 1842-இல் முடிந்தது. அதே தெருவில் சில கட்டடம் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828-30-இல் கட்டிய நாகூர் தர்கா. இரு கரையார்க்கும் வேண்டுதல் ஒன்றே: பத்திரமாகக் கரைசேர்.

இன்னொன்று இலங்கையின் காலி நகரில் 1911-இல் கிடைத்த, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு. 1409 தேதியிட்ட அந்தக் கல்லை நிறுத்தியவர் மிங் அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே. அதில் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. அதே செங் ஹே 1431-இல் தன் பயணங்கள் காப்பாற்றப்பட்டதற்காகச் சீனக் கரையில் இரண்டு கல்வெட்டு வைத்தார். அவை தியன்ஃபெய்க்கு, அதாவது மாட்சுவுக்கு.

ஊர் திரும்பிய பிறகு கொடியை என்ன செய்வது?

வீட்டுப் பூசையிடத்தில் நிமிர்த்தி வையுங்கள். இல்லையென்றால் தலைக்குமேல் உயரத்தில் சுத்தமான அலமாரி போதும். துவைக்க வேண்டாம். சீட்டுகளைப் பிரிக்க வேண்டாம். முதல்முறை போனவர்கள் தொடர்ந்து மூன்று ஆண்டு போவது வழக்கம், அதே கொடியைத்தான் எடுத்துப் போவார்கள். இனி போகப்போவதில்லை என்றால் குப்பையில் போடாமல், வாங்கிய கோயிலிலேயே திருப்பிக் கொடுங்கள். நன்றி சொல்லிவிட்டு அவர்கள் எரித்துவிடுவார்கள்.